ரிட்டர்ன் சீட்டோடு உள்ளே நுழைந்த நச்சு: காலராவும் கல்கத்தா டாக்டரும்

தாது வருஷப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கி எடுத்த பஞ்சம். பட்டினியால் செத்தவர்கள் ஒரு பக்கம். கஞ்சி ஊற்றிய நிவாரண முகாம்களில் வாந்திபேதி கண்டு செத்தவர்கள் இன்னொரு பக்கம். காலையில் நன்றாக நடமாடியவர் இரவுக்குள் கண் குழிவிழுந்து, தோல் சுருங்கி, குரல் கம்மி, அடையாளமே தெரியாமல் போய்விடுவார். அந்த வாந்திபேதிக்குத்தான் காலரா என்று பெயர்.

காலரா நோயாளி கிருமியால் சாவதில்லை, தண்ணீர் போயே சாகிறார். நோய் முற்றியவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறும். வெளியேறுவது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். அதில் ரத்தம் இருக்காது, சீழும் இருக்காது.

இங்கேதான் புதிர். விப்ரியோ காலரே என்ற இந்த பாக்டீரியா குடலைத் துளைப்பதில்லை, ரத்தத்தில் கலப்பதில்லை, மனித செல்லுக்குள் நுழைவதும் இல்லை. குடலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு முழு மனிதனின் தண்ணீரை எப்படி இறைத்து வெளியே கொட்டுகிறது?

இதற்கு விடை கண்டுபிடிக்க 75 வருடம் ஆனது. கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர். அவர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது.

கோக் கண்டதும் காணாததும்

ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் 1883 கடைசியில் எகிப்திலிருந்து கல்கத்தா வந்தார். காலராவுக்கு அப்போது கல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1884 தொடக்கத்தில், கமா குறியைப் போல வளைந்த ஒரு கிருமிதான் காலராவுக்குக் காரணம் என்று அறிவித்தார். இதே கிருமியை இத்தாலியின் பிலிப்போ பச்சினி 1854-லேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதி வைத்திருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை! காலரா ஆராய்ச்சியில் கண்டுபிடித்தவரை மறப்பது அப்போதே ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது.

இந்தக் கிருமி ஏதோ ஒரு விஷத்தைச் சுரக்க வேண்டும் என்றும் கோக் சொன்னார். சரியான யூகம். ஆனால் நிரூபிக்க முடியவில்லை. காரணம், விலங்குகளுக்குக் காலரா வரவில்லை. எலிக்குக் கொடுத்தாலும் முயலுக்குக் கொடுத்தாலும் அவை சாதாரணமாகத் திரிந்தன.

பிறகு வந்தவர்கள் கிருமியை விலங்கின் வயிற்றறைக்குள்ளும் ரத்தத்திலும் ஊசி மூலம் ஏற்றினார்கள். விலங்கு செத்தது. ஆனால் பேதி ஆகவில்லை. கோக்கின் மாணவர் ரிச்சர்ட் ஃபைஃபர், கிருமியின் உடலோடு சேர்ந்தே ஒரு விஷம் இருக்கிறது, கிருமி செத்துச் சிதையும்போது அது வெளிப்படுகிறது என்று 1890-களில் விளக்கினார். எண்டோடாக்ஸின் என்று அதற்குப் பெயர் வைத்தார். அப்படி ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் காலரா பேதிக்குக் காரணம் அது இல்லை. தவறான இடத்தில் ஊசி போட்டு, தவறான விஷத்தைத் தேடி, ஆராய்ச்சி பல பத்தாண்டுகள் சுற்றிச் சுற்றி வந்தது.

இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. இவ்வளவு நீர் கொட்டுகிறது என்றால் குடலின் உள்சுவர் உரிந்து நாசமாகியிருக்க வேண்டும் என்று பலர் நம்பினார்கள். பிரேதப் பரிசோதனையில் உள்சுவர் உரிந்துதான் இருந்தது. ஆனால் அது செத்த பிறகு உரிந்தது. உயிரோடு இருக்கும்போது அப்படி இருந்ததா என்று யாரும் பார்த்ததில்லை.

ஒரு முயல், இரண்டு முடிச்சு

சம்பு நாத் டே 1915 பிப்ரவரி 1 அன்று வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து 1939-ல் டாக்டரானார். பிறகு லண்டனில் ராய் கேமரூன் என்ற நோய்க்குறியியல் பேராசிரியரிடம் பி.எச்.டி. முடித்து 1949-ல் ஊர் திரும்பினார். லண்டனில் அவர் ஆராய்ந்தது காலராவை இல்லை. காலரா கல்கத்தாவில் ஆஸ்பத்திரி வார்டு நிறையப் படுத்திருந்தது. அதனால் திரும்பி வந்ததும் அதையே கையில் எடுத்தார்.

அவர் யோசித்த விதம் எளிமையானது. நோய் குடலுக்குள் நடக்கிறது. அப்படியானால் கிருமியை ரத்தத்தில் ஏற்றி என்ன பயன்? குடலுக்குள்தானே விட வேண்டும்? ஆனால் குடல் எப்போதும் அசைந்து உள்ளே இருப்பதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கிருமி அங்கே தங்காது. அதற்கும் ஒரு வழி கண்டார்.

முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்தார். சிறுகுடலின் ஒரு சிறு பகுதியை மட்டும் நூலால் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டார். இரண்டு முடிச்சுக்கு நடுவே காலரா கிருமியைச் செலுத்தி வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தால், கட்டிய பகுதி மட்டும் பலூன் போல உப்பியிருந்தது. உள்ளே இருந்தது காலரா நோயாளியிடம் காணும் அதே அரிசித் தண்ணீர்! 1953-ல் இதை டி.என். சட்டர்ஜியுடன் சேர்ந்து வெளியிட்டார்.

இதே மாதிரி ஒரு சோதனையை 1915-லேயே இரண்டு பேர் செய்து எழுதியிருக்கிறார்கள். தொடர்வார் இல்லாமல் அது மறைந்துபோனது. டே தொடர்ந்தார். அடுத்த கேள்வி, இதைச் செய்வது உயிருள்ள கிருமியா, அல்லது அது வெளியே விடும் ஏதோ ஒன்றா?

கிருமியைத் திரவத்தில் வளர்த்து, பாக்டீரியா நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். கிருமி எல்லாம் மேலே நின்றுவிட்டது. கீழே இறங்கிய தெளிந்த நீரில் ஒரு கிருமிகூட இல்லை. அந்த வெறும் நீரை முயல் குடலுக்குள் விட்டார். குடல் அதே போல உப்பியது.

1959 மே மாதம் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. இரண்டே பக்கத்தில் அடங்கிய கட்டுரை. கோக் 1884-ல் யூகித்ததற்கு 1959-ல் ஆதாரம் கிடைத்தது. கிருமி குடலில் ஒட்டிக்கொண்டு வெளியே விடும் ஒரு நச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அதே வருடம் பம்பாயின் ஹாஃப்கின் நிலையத்தில் என்.கே. தத்தா குழுவினர் முயல் குட்டிகளை வைத்து இதே முடிவை நோக்கி வந்தார்கள். ஆக, இந்த விடை வந்தது பணக்கார நாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து அல்ல. காலரா இருந்த ஊர்களிலிருந்தே வந்தது.

அடுத்த வருடம், 1960-ல், யூஜின் கங்கரோசா என்ற அமெரிக்க மருத்துவரின் குழு இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. தாய்லாந்தில் உயிரோடு இருந்த காலரா நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உள்சுவர் உரியவே இல்லை. முழுசாக இருந்தது!

அதாவது எதுவும் உடையவில்லை, எந்தச் செல்லும் சாகவில்லை. ஆனாலும் தண்ணீர் கொட்டுகிறது. அப்படியானால் அந்த நச்சு செல்லுக்குள் என்னதான் செய்கிறது?

செல் என்ற பனியன் கம்பெனி

ஒரு செல்லை நீர் நிறைந்த பை என்று நினைத்தால் இந்தக் கதை புரியாது. அதற்குள் தனித்தனி அறைகள் இருக்கின்றன. திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்.

ஒரு பெரிய பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிங் ஒரு செக்‌ஷன். ஓவர்லாக், பேட்லாக் ஓடும் தையல் செக்‌ஷன் ஒன்று. பிறகு செக்கிங், அயனிங், பேக்கிங். பீஸ் ஒரே திசையில்தான் நகரும். கட்டிங்கில் தொடங்கி பேக்கிங்கில் முடிந்து லாரி ஏறும்.

செல்லிலும் அப்படித்தான். வெளியே அனுப்ப வேண்டிய புரதங்கள் எண்டோபிளாச வலை என்ற பின்னலான அறைக்குள் உருவாகி, சரியான வடிவத்துக்கு மடிக்கப்படும். அது தையல் செக்‌ஷன். அங்கிருந்து கோல்கி உறுப்புக்குப் போகும். அது செக்கிங், பேக்கிங். அங்கே முகவரிப்படி பிரித்து, சின்னச் சின்னப் பைகளில் கட்டி, செல்லின் வெளிச்சுவருக்கு அனுப்புவார்கள். கோல்கியை இத்தாலியின் கமில்லோ கோல்கி 1898-ல் பார்த்தார். எண்டோபிளாச வலையைப் பார்க்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வர வேண்டியிருந்தது. 1945-ல்தான் அது தெரிந்தது. இந்தப் போக்குவரத்தை விளக்கிய ஜார்ஜ் பலாடேவுக்கு 1974-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கம்பெனியில் இரண்டு ஏற்பாடுகளை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்று, ரிட்டர்ன். தையல் செக்‌ஷனிலேயே இருக்க வேண்டிய ஆள் தவறிப்போய் பேக்கிங் வரை வந்துவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும் அல்லவா? எண்டோபிளாச வலையில் நிரந்தரமாக வேலை செய்யும் பல புரதங்களின் வால் நுனியில் நான்கு அமினோ அமிலங்களால் ஒரு முகவரி எழுதியிருக்கிறது. அந்த நான்கின் குறியீட்டு எழுத்துகளைச் சேர்த்து கே.டி.ஈ.எல் என்பார்கள். அதைப் பார்த்தால் கோல்கி மறு பேச்சில்லாமல் பின்னால் திருப்பி அனுப்பும். 1987-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சீன் மன்றோவும் ஹியூ பெல்ஹாமும் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இரண்டு, ரிஜெக்ட். தையலில் கெட்டுப்போன பீஸை அடுத்த செக்‌ஷனுக்கு அனுப்ப முடியாது. வேஸ்டில் தள்ள வேண்டும். சரியாக மடியாத புரதத்தை எண்டோபிளாச வலை ஒரு சிறு துவாரம் வழியாக வெளியே, செல்லின் நடுக்கூடத்துக்குத் தள்ளும். சைட்டோசால் என்று அதைச் சொல்வார்கள். அங்கே அதன்மேல் யூபிக்விட்டின் என்ற ஒரு சீட்டு ஒட்டப்படும். சீட்டு ஒட்டியதை அரைத்துப் பொடியாக்க புரோட்டியாசோம் என்ற ஒரு மெஷின் காத்திருக்கும்.

இப்போது காலரா நச்சைப் பார்க்கலாம். அது இந்த இரண்டு ஏற்பாட்டையும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

எதிர்த்திசையில் ஒரு பயணம்

டே வடிகட்டிய நீரில் இருந்த நச்சைத் தனியே பிரித்துச் சுத்தமாக எடுக்க இன்னும் 10 வருடம் ஆனது. 1969-ல் ரிச்சர்ட் ஃபின்கல்ஸ்டைனும் ஜோசப் லோஸ்பலுட்டோவும் அதைச் செய்தார்கள். அது ஆறு துண்டுகள் சேர்ந்த ஒரு புரதம். ஐந்து துண்டுகள் ஒரு வளையம் போல நிற்கும். அவற்றுக்கு பி என்று பெயர். விஷம் அவற்றில் இல்லை. ஒட்டிக்கொள்வதுதான் அவற்றின் வேலை. வளையத்தின் மேல் ஆறாவதாக ஏ என்ற துண்டு. அதில்தான் விஷம்.

ஐந்து பி துண்டுகளும் குடல் செல்லின் வெளிச்சுவரில் இருக்கும் ஜி.எம்-1 என்ற ஒருவகைக் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். செல் தன் வெளிச்சுவரில் அவ்வப்போது சிறு துணுக்குகளை உள்ளிழுத்துக்கொள்ளும் பழக்கம் உடையது. ஜி.எம்-1 உள்ளே போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நச்சும் உள்ளே போகிறது. லாரியில் தொற்றிக்கொண்டு கேட்டுக்குள் நுழைவது மாதிரி. வாட்ச்மேன் லாரியைத்தான் பார்க்கிறார்.

உள்ளே வந்த நச்சு எதிர்த்திசையில் நகர்கிறது. முதலில் கோல்கி. அங்கிருந்து எண்டோபிளாச வலை. பேக்கிங்கிலிருந்து தையலுக்கு! இப்படி அனுப்புவதில் ஜி.எம்-1-க்கும் பங்கு உண்டு. ஆனால் ஏ துண்டின் வால் நுனியில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? அதே கே.டி.ஈ.எல். செல் தன் சொந்த ஊழியர்களுக்கு எழுதும் ரிட்டர்ன் முகவரியை ஒரு பாக்டீரியா தன் நச்சில் எழுதி வைத்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த எழுத்தை மாற்றிப் பார்த்தார்கள். நச்சு முழுதாக நின்றுவிடவில்லை. ஆனால் வேலை மந்தமாகிவிட்டது.

எண்டோபிளாச வலைக்கு வந்ததும் அடுத்த வேலை. புரதங்களின் மடிப்பைச் சரிபார்க்கும் ஒரு நொதி அங்கே இருக்கிறது. அது ஏ துண்டின் விஷப் பகுதியைப் பிரித்து, மடிப்பையும் கலைத்துவிடுகிறது. 2001-ல் இது தெரியவந்தது. மடிப்புக் கலைந்ததும் செல்லின் கண்ணுக்கு அது கெட்டுப்போன பீஸ். உடனே ரிஜெக்ட் துவாரம் வழியாக நடுக்கூடத்துக்குத் தள்ளப்படுகிறது. நச்சு போக நினைத்த இடமும் அதுதான்!

சரி, நடுக்கூடத்தில் அரைக்கும் மெஷின் இருக்குமே? அழிப்பதற்கான சீட்டை செல் லைசின் என்ற அமினோ அமிலத்தின்மேல்தான் பொதுவாக ஒட்டும். நச்சின் விஷப் பகுதியில் லைசின் மிகமிகக் குறைவு. சீட்டு ஒட்ட இடமில்லை. அதனால் அரைபடாமல் தப்பி, மறுபடி மடிந்து, பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது.

மொத்தப் பயணத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எந்த இடத்திலும் சுவரை உடைக்கவில்லை. பூட்டை நெம்பவில்லை. ஒவ்வொரு கதவையும் செல்லே திறந்து வழிவிட்டது. அதனால்தான் துணுக்கு எடுத்துப் பார்த்தவர்களுக்குக் குடல் முழுசாகத் தெரிந்தது. சேதத்தைத் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்காமல் போனதன் ரகசியம் இதுதான்.

சிவப்புப் பட்டன்

நடுக்கூடத்துக்கு வந்த நச்சு என்ன செய்கிறது? கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பட்டனை அழுத்தினால் ஓடும். சிவப்பை அழுத்தினால் நிற்கும்.

குடல் செல்லில் ஜி-புரதம் என்று ஒரு ஸ்டார்ட்டர் இருக்கிறது. தேவைப்படும்போது ஆன் ஆகும். சற்று நேரத்தில் தானாகவே ஆஃப் ஆகிவிடும். நச்சு செல்லிலேயே கிடைக்கும் என்.ஏ.டி என்ற பொருளிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து இந்த ஸ்டார்ட்டரின் மேல் ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான். சிவப்புப் பட்டன் வேலை செய்யாது. ஸ்டார்ட்டர் ஆனிலேயே நின்றுவிடும்.

ஸ்டார்ட்டர் ஆனில் இருப்பதால் சைக்ளிக் ஏ.எம்.பி என்ற ஒரு தகவல் மூலக்கூறு செல்லுக்குள் நிறைந்துகொண்டே போகும். அதன் உத்தரவுப்படி செல்லின் வெளிச்சுவரில் குளோரைடு போகும் மதகு திறந்தே கிடக்கும். குளோரைடு வெளியே போனால் பின்னாலேயே சோடியம் போகும். உப்பு போகும் பக்கம் தண்ணீர் போகும். கிணறு வற்றும்வரை மோட்டார் நிற்காது. இங்கே கிணறு என்பது மனிதனின் உடம்பு.

இந்த ஜி-புரதங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு 1994-ல் ஆல்ஃபிரட் கில்மன், மார்ட்டின் ராட்பெல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டார்ட்டரை ஆனிலேயே நிறுத்திவிடும் காலரா நச்சு அந்த ஆராய்ச்சிக்கு ஒரு நல்ல கருவியாக உதவியது.

மூடாத ஒரு கதவு

இவ்வளவு தந்திரமான நச்சுக்கு மருந்து எவ்வளவு செலவாகும்? கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, சுத்தமான தண்ணீர்!

குடலில் உப்பை உறிஞ்ச ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. ஒரு வழியை நச்சின் வேலை அடைத்துவிடுகிறது. ஆனால் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே வரும் ஒரு கதவு இருக்கிறது. நச்சு அதைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீர் குடித்தால் நிற்காது. வெறும் உப்புத் தண்ணீரும் பயன்படாது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் அந்தக் கதவு திறக்கும். அவற்றோடு தண்ணீரும் உள்ளே வரும்.

1953-லேயே ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற கல்கத்தா டாக்டர் காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாக உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்து லான்செட் இதழில் எழுதினார். அது அதிகம் கவனிக்கப்படவில்லை. 1968-ல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் இதை அளந்து, சோதித்து நிரூபித்தார்கள்.

பெரிய பரீட்சை 1971-ல் வந்தது. வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் போங்காவ்னில் குவிந்தார்கள். காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் திலீப் மகாலநோபிஸ், உப்பு, குளுக்கோஸ் கரைசலை டிரம்மில் கலந்து வைத்து, உறவினர்களையே எடுத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மெடிக்கல் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டின் கதை இது. 2022-ல் மறைந்த மகாலநோபிஸுக்கு 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

குடித்த தண்ணீர் நச்சை அழிக்குமா? அழிக்காது. பிறகு எப்படி நோய் குணமாகிறது? குடலின் உள்சுவர் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. ஸ்டார்ட்டர் கெட்ட செல் தானாக உதிர்ந்துவிடும். அதுவரை கிணறு வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். குடல் உடையவில்லை என்ற உண்மையின் பலன் இதுதான். உடைந்திருந்தால் குடித்த தண்ணீரை உறிஞ்ச அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

சென்னையில் தொடங்கிய இன்னொரு அத்தியாயம்

காலரா கிருமியில் 200 வகைக்கு மேல் உண்டு. ஆனால் பெரிய கொள்ளை நோயை உண்டாக்குவது ஓ-1 என்ற ஒரே வகைதான் என்று 1992 வரை மருத்துவ உலகம் நம்பியிருந்தது. அந்த வருடக் கடைசியில் சென்னையில் பரவிய காலராவில் வேறு ஒரு கிருமி அகப்பட்டது. ஓ-1 வகையை அடையாளம் காட்டும் சோதனைக்கு அது பிடிபடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. அதற்கு ஓ-139 என்று எண் கொடுத்தார்கள். முன்பே காலரா வந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது தாக்கியது.

அதன் மேல்சட்டைதான் புதிது. உள்ளே இருந்தது அதே பழைய நச்சு, அதே ரிட்டர்ன் முகவரி. 1996-ல் மேத்யூ வால்டரும் ஜான் மெக்கலனோஸும் இன்னொரு உண்மையைக் கண்டார்கள். நச்சுக்கான மரபணு காலரா கிருமியின் சொந்தச் சொத்தே இல்லை! பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அதைச் சுமந்து வந்து கிருமிக்குக் கொடுக்கிறது. மரபணு கைமாறினால் தீங்கில்லாத கிருமிகூட கொலைகாரனாகலாம்.

இந்த எதிர்த்திசைப் பாதை காலராவுக்கு மட்டும் சொந்தமில்லை. ரத்தபேதி உண்டாக்கும் ஷிகா நச்சும் கோல்கி வழியாகவே எண்டோபிளாச வலைக்குப் போய், அங்கிருந்து நடுக்கூடத்துக்கு வருகிறது. ஆமணக்கு விதையில் இருக்கும் ரைசின் என்ற நச்சும் அதே பாதைதான். பாக்டீரியாவும் செடியும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருப்பது ஆச்சரியம்தான்.

பேரேட்டில் விடுபட்ட பெயர்

சம்பு நாத் டே 1973-ல் ஓய்வு பெற்றார். 1978-ல் நோபல் நிறுவனம் ஸ்டாக்ஹோமில் காலரா பற்றி ஒரு கருத்தரங்கம் நடத்தியபோது அவரை அழைத்துப் பேச வைத்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் டேயின் பெயரை நோபலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்தார். பரிசு கிடைக்கவில்லை.

அது போகட்டும். சொந்த நாட்டில்? இந்தியாவின் எந்த அறிவியல் அகாடமியும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது எதுவும் தரப்படவில்லை. 1985 ஏப்ரல் 15 அன்று அவர் காலமானார். அடுத்த வருடம், ஆய்வுக் கட்டுரைகளுக்கே கணக்குப் புத்தகம் போல ஒரு பட்டியலை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்ட், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தேடி, காலரா ஆராய்ச்சியின் வரைபடத்தில் டேயின் இடம் எது என்று எழுதினார். 1990-ல் பெங்களூரிலிருந்து வரும் கரண்ட் சயின்ஸ் இதழ் அவருக்கென்று சிறப்பிதழ் கொண்டுவந்தது. மரியாதை வந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். சரக்கு வந்துவிட்டது, விற்றும் ஆகிவிட்டது, ஆனால் கொடுத்தவர் பெயர் பேரேட்டில் ஏறவில்லை என்றால் அந்தக் கணக்கு டேலி ஆகாது. 1959-ல் டே கொடுத்த சரக்கை வைத்து எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. செல்லின் அறைகளுக்கு நடுவே என்ன போகிறது, எது வருகிறது என்று தெரிந்துகொள்ள இன்றும் காலரா நச்சு ஆய்வுக்கூடங்களில் கருவியாகப் பயன்படுகிறது. வரவு எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பெயர் மட்டும் நீண்ட நாள் விடுபட்டிருந்தது.

எல்லோரும் உடைந்ததைத் தேடியபோது, உடையாத குடலில் நீர் ஏன் நிறைகிறது என்று இரண்டு முடிச்சுப் போட்டுப் பார்த்தவர் அவர். அடுத்த முறை மெடிக்கல் கடையில் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வாங்கும்போது மகாலநோபிஸை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே சம்பு நாத் டேயையும்!